குமரித் தமிழுக்கு ஒரு சொல்லகராதி: எந்தக் கருவியில் தொடங்கலாம்?

எங்கள் ஊர் வாசகசாலையில் ஐந்து நோட்டுகள் இருக்கின்றன. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சொற்களை நாலைந்து பேர் பல வருடமாக அவரவர் கையெழுத்தில் எழுதி வைத்தவை. ஒன்றில் பனைத் தொழில், ஒன்றில் கடல், ஒன்றில் அடுக்களை, மற்ற இரண்டிலும் எல்லாம் கலந்து கிடக்கிறது. இவற்றைக் கணினியில் ஏற்றி அகராதியாக்குவது என்று முடிவெடுத்துவிட்டோம். எதில் ஏற்றுவது என்பதில்தான் பேச்சு முடியவில்லை. ஒருவர் எக்செல் போதும் என்கிறார். மொழியியல் படித்த ஒரு தங்கை, அகராதிக்கென்றே மென்பொருள் இருக்கும்போது எக்செல் எதற்கு என்று கேட்கிறாள். இன்னொருவர், யாரும் எழுதிச் சேர்க்கக்கூடிய இணைய அகராதியான விக்சனரியில் நேராகப் போட்டுவிட்டால் எல்லோரும் பார்க்கலாமே என்கிறார். சரி, மூன்றையும் கொஞ்ச காலம் வைத்துப் பார்ப்போம் என்று அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இதே யோசனையோடு வேறு ஊர்களிலும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

விலையை வைத்து இவற்றை ஒப்பிட முடியாது. எக்செல்லுக்குப் பதிலாக நான் எடுத்த லிப்ரே ஆபீஸ் விரிதாள், ஃபீல்டுவொர்க்ஸ் என்ற அகராதி மென்பொருள், விக்சனரி மூன்றுமே இலவசம். எளிமையை வைத்துப் பார்த்தால் விரிதாள் ஜெயித்துவிடும், பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு வேறு ஓர் அளவுகோல் கிடைத்தது, அதுவும் ஒரு பனையேறிப் பாட்டாவிடமிருந்து.

நோட்டில் 'கடிப்பு – பாளையை இடுக்கி நசுக்கும் மரக்கருவி' என்று இருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அது ஒண்ணு இல்ல மக்கா, ரெண்டாக்கும். ஆண்பனைக்கு வேற, பெண்பனைக்கு வேற" என்றார். ஒரே வரியில் எழுதி முடித்த சொல் அங்கேயே இரண்டாகப் பிரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் வீட்டுக்கு வந்து ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் உறைத்தது. 'ரெண்டாக்கும்' என்றாரே, அந்த 'ஆக்கும்' எங்கள் ஐந்து நோட்டில் ஒன்றில்கூட இல்லை. அக்கானி (பதநீர்) இருக்கிறது, முருக்குத்தடி (பனையேற உதவும் தடி) இருக்கிறது, விடிலி (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) இருக்கிறது. குமரிக்காரன் வாயைத் திறந்தாலே வந்து விழும் 'ஆக்கும்' இல்லை. நாங்கள் எல்லோரும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பதால் யாருடைய காதிலும் அது தனியாக விழவில்லை.

அன்றிலிருந்து என் கேள்வி இதுதான்: கண்ணில் பட்ட சொல்லை எந்தக் கருவியிலும் எழுதி வைக்கலாம், கண்ணில் படாத சொல்லை எது வெளியே கொண்டுவருகிறது?

இந்தக் கேள்வி புதிதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924இலிருந்து 1936வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னிணைப்பு 1939இல் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கணினி இல்லாத காலத்தில், ஆட்கள் படித்துப் படித்துத் திரட்டினார்கள். அப்படிப் படிக்கிற ஆளின் கண் அரிய சொல்லில்தான் போய் நிற்கும், சாதாரணச் சொல்லைத் தாண்டிப் போய்விடும். 1980இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் தொடங்கிய கோபில்ட் திட்டம் இதைத் தலைகீழாக்கியது. நூல்களையும் பேச்சையும் கணினியில் கொட்டி, ஒவ்வொரு சொல்லும் வருகிற வரிகளையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அந்த வரிகளைப் பார்த்துப் பொருள் எழுதினார்கள். அந்த அகராதி 1987இல் வந்தது. அப்படிப் பார்த்தபோது, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்த சின்னச் சொற்களில்தான் யாரும் எழுதாத பொருள்கள் நிறையக் கிடைத்தன. தமிழில் 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் இன்றைய எழுத்தில் உண்மையில் என்ன வருகிறது என்று பார்த்துச் செய்ததுதான்.

முதலில் விரிதாள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். போனிலேயே திறக்கலாம். குளச்சலில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றபடி ஒரு சொல்லையும் அதைச் சொன்ன வாக்கியத்தையும் தட்டிவிடலாம். ஆனால் தமிழுக்கென்று சில பள்ளங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான் விழுந்து எழுந்துதான் வந்தேன்.

அகரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களின் வரிசையும் நம் அகரவரிசையும் ஒன்றல்ல. அதில் ன என்பது நகரத்தின் பின்னாலேயே வந்துவிடும், ற என்பது ரகரத்தின் பின்னால் வரும், ழ என்பது வகரத்துக்கு முன்னால் நிற்கும். ஆகவே எண் வரிசைப்படி அடுக்கினால் 'பனை, பறை, பழம்' என்று வரும். நம் அகராதியில் 'பழம், பறை, பனை' என்று இருக்க வேண்டும். அப்படியே தலைகீழ். புள்ளி எழுத்தும் இப்படித்தான். அகராதியில் 'அக்கானி' முதலில் வந்து 'அகப்பை' அப்புறம் வர வேண்டும். எண் வரிசை இதை மாற்றிப்போடும். லிப்ரே ஆபீஸில் அடுக்கும்போது விருப்பங்களில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு. அதைச் செய்யாமல் அடுக்கி அச்சுக்குக் கொடுத்தால், புத்தகத்தில் சொல்லைத் தேடுகிறவர் இல்லை என்று நினைத்து மூடிவிடுவார்.

அப்புறம், ஒரே சொல் இரண்டாகப் பதிவாகும் சிக்கல். 'கொள்ளாம்' என்று நாம் பாராட்டுவோமே, அதன் முதல் எழுத்தை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. 'கௌ' என்பதற்குப் பதிலாக 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுகிற பழக்கமும் நம்மிடம் பரவலாக உண்டு. தேடினால் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை உட்கார வேண்டும்.

பழைய எழுத்துரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்களை நோட்டைப் பல வருடத்துக்கு முன்பே ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்து ஏற்றியிருந்தோம். அப்போது யூனிகோடு இல்லாத எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். மாற்றிகள் கிடைக்கின்றன, முக்கால்வாசி மீண்டது. மீதிக்கு மறுபடி நோட்டையே திறந்து உட்கார்ந்தோம். நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அக்காவுக்கு இப்போதும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவையெல்லாம் கவனமாக இருந்தால் தீர்கிற சங்கதிகள். விரிதாளின் உண்மையான குறை வேறு. ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று அது நம்மைப் பழக்கிவிடும். 'கடிப்பு' இரண்டானதும் வரியை இரண்டாக்குவதா, ஒரே கட்டத்துக்குள் 1, 2 என்று எண் போடுவதா என்று திணறினேன். 'வெள்ளம்' இன்னும் கடினம். நமக்கு அது குடிக்கிற தண்ணீர், மழைக்காலத்தில் பெருகி வருவதும் அதுவே. 'சக்கை' நமக்குப் பலா, ஆனால் கரும்பு பிழிந்தால் மிஞ்சுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வாக்கியம், தனி ஊர், தனி ஒலிப்பதிவு என்று சேர ஆரம்பித்தால் விரிதாள் பக்கவாட்டில் நீண்டுகொண்டே போகும். முக்கியமாக, அது நம்மிடம் எதையும் கேட்காது. நாம் போட்டதை அடுக்கித் தரும், அவ்வளவுதான்.

ஃபீல்டுவொர்க்ஸ் கேட்கிறது. எனக்கு அதில் மனம் போனதற்குக் காரணமே அதுதான். சில் (SIL) என்ற நிறுவனம் எழுத்தில் அதிகம் வராத மொழிகளுக்கு அகராதி செய்வதற்காக உருவாக்கியது இது. இதற்கு முன்னால் அவர்கள் வைத்திருந்த மென்பொருளின் பெயர் ஷூபாக்ஸ். சொல் அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு வைத்த காலத்தின் நினைவாக வந்த பெயர். இதில் ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருளும் தனித்தனி அறையாக இருக்கும். ஒவ்வொரு பொருளின் கீழும் எடுத்துக்காட்டு, படம், ஒலி எல்லாம் வைக்கலாம். நமக்கு வேண்டிய புலத்தை நாமே சேர்க்கலாம். நான் 'சொன்ன ஊர்', 'சொன்னவர் தொழில்' என்று இரண்டு சேர்த்தேன்.

பொருள் களங்களின் பட்டியல் ஒன்றும் அதோடு வருகிறது. வானம், உடல், பேச்சு, உறவு, வீட்டு வேலை, தொழில் என்று விரிந்து 1,700க்கும் மேற்பட்ட களங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கேள்விகள் இருக்கும். 'காற்று' என்ற களத்தில் பலமான காற்றுக்கு என்ன சொல், திசை வைத்துச் சொல்கிற பெயர் என்ன, காற்று நின்றால் என்ன சொல்வீர்கள் என்று போகும். இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களைக் கூட்டி இரண்டு வாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் சொல் திரட்டிய இடங்கள் உலகில் உண்டு.

நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல், குறும்பனைக் கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேரிடம் இந்தக் காற்றுக் கேள்விகளைக் கேட்டோம். நோட்டில் வாடையும் கொண்டலும் மட்டும் இருந்தன. அன்றைக்குக் கச்சான் வந்தது, சோழன் வந்தது. காற்றிலிருந்து பேச்சு நீரோட்டத்துக்குத் தாவி நீவாடு வந்தது. அதிலிருந்து, கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்துக் கடலில் இடம் குறிக்கிற கணியத்துக்குப் போனது. அதிலிருந்து பேச்சு கரமடி வலை இழுத்த காலத்துக்குப் போய்விட்டது. "தெரிஞ்ச சொல்லெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. அப்படி யாரிடம் கேட்டாலும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். "காத்து நின்னுபோச்சுன்னா என்ன சொல்லுவீங்க?" என்றால் உடனே பதில் வரும்.

குறையும் உண்டு. அந்தக் களப் பட்டியல் உலகத்துக்குப் பொதுவானது. பனைக்கென்று அதில் தனி அறை கிடையாது. ரப்பர் பால்வெட்டும் ஒட்டுப்பாலும் எங்கே போகும் என்று தேட வேண்டியிருக்கிறது. பட்டியலில் நாமே கிளை சேர்க்கலாம், சேர்த்தோம். ஆனால் அதற்கு முதலில் மென்பொருள் பழக வேண்டும். எனக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. போனில் ஓடாது, விண்டோஸ் கணினி வேண்டும். நாங்கள் ஆங்கில மெனுக்களோடுதான் மல்லுக்கட்டினோம். குழுவில் ஒருவராவது இதில் பொறுமையாக உட்காரத் தயாரில்லை என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

விக்சனரிக்கு வருவோம். தமிழ் விக்சனரி 2004இல் தொடங்கியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் உண்டு. போட்ட நிமிடமே யாரும் பார்க்கலாம் என்பது பெரிய விஷயம்தான். வேறு ஊர்க்காரர்களின் கண் படுவதும் ஒரு பலம். கச்சான் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஈழத்து நண்பர் ஒருவர், தங்களிடம் கச்சான் என்றால் நிலக்கடலை, மட்டக்களப்புப் பக்கம் கச்சான் காற்றும் உண்டு என்றார். நாங்கள் ஐந்து பேர் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் உட்கார்ந்துகொண்டு இதை எப்படித் தெரிந்துகொண்டிருப்போம்? ஒலிப்பதிவுக்கும் லிங்குவா லிப்ரே என்ற கருவி இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்களைச் சொல்லிக்கொண்டே போனால் அதுவே துண்டு துண்டாகப் பிரித்து, விக்கித் திட்டங்களின் பொதுக் கோப்புக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிவிடும்.

ஆனாலும் தொடக்கத்திலேயே அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரைகுறைப் பதிவை உலகத்துக்குக் காட்டுவது ஒரு சங்கடம். பாட்டாவின் 'கடிப்பு' ஒற்றைப் பொருளோடு அங்கே போயிருந்தால், அதை நாலு தளங்கள் எடுத்துப் போட்டு, அதுவே உண்மை என்று நின்றிருக்கும். இன்னொன்று அனுமதி. விக்சனரியில் போடுவது எல்லாம் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தின் கீழ் போகிறது. எழுத்து பரவாயில்லை, எண்பது வயதுக்காரர் ஒருவரின் குரலை அப்படிக் கொடுப்பதற்கு முன் அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், பின்னால் திரும்ப வாங்க முடியாது என்பதையும் சேர்த்து. நாங்கள் சொன்னோம். இரண்டு பேர் சம்மதித்தார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். அவர் குரல் எங்கள் கணினியில் மட்டும் இருக்கும்.

இனி 'ஆக்கும்'. மேலே சொன்ன மூன்றில் எதுவுமே அதை எங்களுக்குக் கொடுக்கவில்லை. களக் கேள்விகளில்கூட அது அகப்படாது. எந்தக் கேள்வி கேட்டால் ஒருவர் 'ஆக்கும்' என்று பதில் சொல்வார்? அதற்கு வேண்டியது கோபில்ட் வழி, அதாவது பேச்சை எழுத்தாக்கிக் கணினியில் கொட்டி வரிகளை அடுக்கிப் பார்ப்பது. லாரன்ஸ் ஆந்தனி என்ற பேராசிரியர் உருவாக்கிய ஆன்ட்கான்க் என்ற மென்பொருள் இதற்குப் போதும், இலவசம். இது நான்காவது தேர்வு இல்லை. மூன்றில் எதை எடுத்தாலும் பக்கத்தில் இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதிலும் தமிழுக்கென்று ஒரு பள்ளம் உண்டு. நான் முதலில் எங்கள் பதிவுகளைக் கொடுத்தபோது சொல் பட்டியலில் ஒற்றை எழுத்துகள்தான் குவிந்தன. எழுத்து என்றால் எது என்ற அமைப்பில் நம் கொம்பும் காலும் புள்ளியும் சேராமல் இருந்தன. அது புள்ளியைக் கண்ட இடத்தில் எல்லாம் சொல்லை வெட்டிவிட்டது. அந்தக் குறிகளையும் எழுத்தாக எடுத்துக்கொள் என்று அமைப்பில் மாற்றியதும் சரியாயிற்று. இதைத் தெரியாமல் தமிழுக்கு இது ஆகாது என்று விட்டுவிட்டவர்கள் இருப்பார்கள்.

எண்ணிக்கையை நம்பும்போதும் கவனம் வேண்டும். 'வீட்டுல', 'வீட்டுக்கு', 'வீட்டுலேருந்து' எல்லாம் கணினிக்குத் தனித்தனிச் சொல். 'மரம்' என்று தேடினால் 'மரத்துல' வராது. 'வா' என்று தேடினால் 'வந்தான்' வராது. அடிச்சொல்லின் வடிவங்களை நாமே யோசித்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எந்த மொழியின் தொகுப்பிலும் ஏறத்தாழ பாதிச் சொற்கள் ஒரே ஒருமுறைதான் வரும் என்பார்கள். நம் மொழியில் விகுதிகள் இப்படி ஒட்டிக்கொண்டே போவதால் அந்தப் பங்கு கூடத்தான் செய்யும்.

பேச்சை எழுத்தாக்கும் வேலைக்குக் குரல்வழித் தட்டச்சை நம்பிவிடாதீர்கள். நான் பாட்டாவின் பதிவை அப்படி ஓட்டிப் பார்த்தேன். 'அக்கானி' வேறு ஏதோ சொல்லாக வந்தது. 'ஆக்கும்' பல இடங்களில் காணாமலே போயிற்று. அதற்குத் தெரிந்த தமிழுக்கு நம் தமிழைத் திருத்திவிடுகிறது. எது நமக்கு வேண்டுமோ அதைத்தான் முதலில் அழிக்கிறது. கையால்தான் எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு இரண்டு நாள் மாலை போயிற்று.

எழுதியதைக் கொடுத்து '-ாக்கும்' என்று முடிகிற சொற்களைத் தேடினேன். 'உண்டாக்கும்', 'பெருசாக்கும்' என்ற வினைகளும் கலந்துதான் வந்தன. அவற்றைக் கண்ணால் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. மிச்ச வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற சொல், ஒரே பொருள் என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை.

சரி, முடிவு. ஒருவர் இருவராக, ஒரு தொழிலின் சில நூறு சொற்களை மட்டும் தொகுக்கப் போகிறீர்கள் என்றால் விரிதாளே போதும். மொழியைத் தமிழ் என்று வைத்து அடுக்குங்கள், வாக்கியத்துக்கும் ஊருக்கும் கட்டாயம் ஒரு நெடுவரிசை விடுங்கள். எங்களைப் போல் கடல், பனை, வயல், அடுக்களை என்று எல்லாம் சேர்த்துச் செய்ய ஆசைப்பட்டால், பழகுகிற கஷ்டத்தைப் பட்டுவிட்டு ஃபீல்டுவொர்க்ஸுக்குப் போவதுதான் நல்லது. நாங்கள் அதையே எடுத்தோம். வெளியே போகிறவர்கள் போனில் விரிதாளில் எழுதி வருகிறார்கள். நெடுவரிசைக்கு ஒரு குறி என்று வைத்துக் கோப்பின் வடிவத்தை மாற்றினால் ஃபீல்டுவொர்க்ஸ் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். பொருளும் வாக்கியமும் ஊரும் முழுமையாகி, பேரகராதியோடும் ஒத்துப் பார்த்த சொற்கள் மட்டும் விக்சனரிக்குப் போகும். பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. சில சொற்களுக்கு நாஞ்சில் நாட்டு வழக்கு என்று சுருக்கக் குறிகூட அதில் போட்டிருக்கிறார்கள்.

தலைச்சொல்லை எப்படி எழுதுவது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் இழுபறிதான். 'ஒறக்கம்' என்று வாயில் வருகிறபடியா, 'உறக்கம்' என்று ஏட்டில் இருக்கிறபடியா? நான் வாய் வழக்கின் பக்கம். தேடுகிறவருக்காக ஏட்டு வடிவத்திலிருந்து ஒரு கைகாட்டி வைத்தால் போதும், மென்பொருளில் அதற்கு இடமும் உண்டு.

'ஆக்கும்' பதிவு இப்போதைக்கு இப்படி நிற்கிறது. ஒன்று, அடித்துச் சொல்வது: "ரெண்டாக்கும்." பாட்டா சொன்னது, ஒலியோடு. இரண்டு, ஊகம்: "நாளைக்கு வருவானாக்கும்." ஓர் அக்கா சொன்னது, இதுவும் ஒலியோடு. மூன்று, இளக்காரம்: "இவரு பெரிய ஆளாக்கும்." இந்த மூன்றாவதற்கு இன்னும் பதிவில் வாக்கியம் இல்லை, என் நினைவிலிருந்து எழுதியது. குறும்பனைப் பேச்சில் இரண்டு மணி நேரம் எழுதாமல் கிடக்கிறது. அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.